ட்வீட்டரைக் குழந்தை அமுக்கிவிட்டது, என்ன செய்யலாம்?

உவர்மலைவாசி:
பல வருடம் சேர்த்த காசில், கொழும்பில் ஒருவர் பாவித்த ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கினேன். இரண்டுக்கும் நடுவே மெத்தை வைத்து, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு வான் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தேன். வழியில் ஒரு கீறல் கூட விழவில்லை. வந்த மூன்றாம் நாள், என் தங்கையின் மூன்று வயது மகள், இடப்பக்க ட்வீட்டரை (கீச்சென்ற மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) அழைப்பு மணி என்று நினைத்து அமுக்கிவிட்டாள். 25 மில்லிமீற்றர் உலோகக் குமிழ். நடுவில் துவரம்பருப்பு அளவு பள்ளம். முன்வலையைப் பார்வைக்கு அழகில்லை என்று கழற்றி வைத்தவன் நான்தான், தங்கையைக் குறை சொல்ல முடியாது. பள்ளத்தை எடுக்கலாமா? கடற்காற்று, மின்வெட்டு இவற்றாலும் கேடு வருமா?

பழைய ரேடியோக்காரன்:
தம்பி, அந்தப் பள்ளத்தில் கை வைக்காதீர்கள். பட்டுத்துணிக் குமிழ் என்றால் ஒட்டுநாடாவை மெதுவாக ஒற்றி இழுக்கலாம். உலோகத் தகடு மடிந்தால் மடிந்ததுதான், இழுக்கப்போனால் கிழியவும் கூடும். அந்த உலோகம் பெரிலியமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். முழுசாக இருக்கும்வரை பயமில்லை, உடைந்தால் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒரே பாட்டை மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி போட்டு, பாலன்ஸ் குமிழை இடமும் வலமும் திருப்பிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் பள்ளத்தை மறந்துவிடுங்கள்.

மத்திய வீதியில் ரேடியோ திருத்திய காலத்தில், விரல்பட்டு வந்ததைவிட எரிந்து வந்த ட்வீட்டர்தான் என் மேசையில் அதிகம். பெரிய அம்ப்ளிபயர்தான் எரிக்கும் என்று நினைக்கிறார்கள். பிறந்தநாள் வீட்டில் சின்ன அம்ப்ளிபயரை முழுக்கத் திருகிவிட்டு வருகிறவர்களே கூட. அப்படித் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வெட்டுப்பட்ட விளிம்பில், பாட்டில் இல்லாத மேல் அதிர்வுகள் பிறக்கும். உரத்த இடமும் மெல்லிய இடமும் ஒன்றாகிவிடுவதால் ஓய்வும் கிடையாது. இரண்டும் ட்வீட்டரின் தலையில்தான் விழும். அதற்குள் இருப்பது தலைமயிர் போன்ற கம்பிச் சுருள். பெட்டியின் பின்னால் 100 வாட்ஸ் என்று எழுதியிருப்பது முழுப் பெட்டிக்கு. ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது அதில் சொற்பம். குரல் கரகரத்தால் உடனே குறையுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கிற விருந்தாளிக்குத் தேநீர் கொடுங்கள்.

நிலாவெளிக் காற்று:
ஐயா சொன்னதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி. ஒரு வருடத்தில் ஸ்பீக்கரின் பின்முனைகளில் பச்சை பூத்துவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி வேறு. கேட்காத நேரம் பருத்தித் துணியால் மூடுகிறேன். குமிழைத் துடைப்பதே இல்லை. தூசி இருந்தால் இருக்கட்டும். திருகாணியை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ட்வீட்டரின் காந்தம் அதைப் பறித்துக் குமிழ்மேலேயே குத்த வைக்கும். சொந்த அனுபவம், மேற்கொண்டு கேட்காதீர்கள்.

பழைய ரேடியோக்காரன்:
மின்வெட்டுப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். போடும்போது பாட்டுக் கருவி முதலில், பவர் அம்ப்ளிபயர் கடைசியில். நிறுத்தும்போது அம்ப்ளிபயர் முதலில். எல்லாம் போட்டபடி இருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தால், மற்றக் கருவிகள் விழிக்கிற ‘டொம்’ முழுவதையும் அம்ப்ளிபயர் பெருக்கி அனுப்பும். 2025 பெப்ரவரியில் குரங்கு ஒன்று உபமின் நிலையத்தில் ஏறி நாடே இருண்டதே, மின்சாரம் வந்த பிறகு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் இரண்டு ட்வீட்டருக்காக. இருட்டியதும் மெழுகுதிரி தேடுமுன் அம்ப்ளிபயரின் சுவிட்சை நிறுத்துங்கள். வயரைக் கழற்றும்போதும் அப்படியே.

உவர்மலைவாசி:
மோனோவில் போட்டுப் பார்த்தேன். புல்லாங்குழலில் ஒன்றும் தெரியவில்லை. ஜால்ராவில் இடப்பக்கம் சற்று மங்கலாகப் பட்டது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் அப்படி இருக்கலாம். கண்ணை மூடி, மனைவியைப் பாலன்ஸ் குமிழைத் திருப்பச் சொன்னேன், எது எந்தப் பக்கம் என்று பாதிக்குமேல் தவறாகச் சொன்னேன். முன்வலையை மாட்டிவிட்டேன். நேற்றிரவு மின்சாரம் போனதும் அம்ப்ளிபயரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது மின்விசிறி மட்டும் சுழன்றது.