போட்டோவை மறைக்கும் டேட்டிங் ஆப்கள்: அந்தப் பொருத்தச் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

திண்ணைவாசி:
ஸ்வைப் ஆப்களில் போட்டோவை ரெண்டு நொடி பார்ப்பதோடு சரி, எழுதியதை யாரும் படிப்பதில்லை. குணத்துக்கே முதலிடம் என்று சொல்லும் ஆப்களைப் பார்த்தால் சில கேள்வி கேட்டுச் சதவீதம் போடுகின்றன, சில போட்டோவை மங்கலாக்குகின்றன, சில 16 ஆளுமை வகை பார்க்கின்றன. கேள்வி கேட்டுப் பொருத்தம் பார்க்கும் ஓகேக்யூபிட் தளத்தின் சதவீதம் எப்படி வருகிறது? எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னால் அதை நம்பலாம்? போட்டோ இல்லாமல் தொடங்கினால் பலன் உண்டா?

கணக்குப்பிள்ளை:
சதவீதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004இல் ஓகேக்யூபிட்டைத் தொடங்கியவர்கள் ஹார்வர்டில் கணிதம் படித்தவர்கள், கணக்கு ஒளிவுமறைவில்லாதது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று தகவல் தருகிறீர்கள்: உங்கள் பதில், எதிரில் இருப்பவர் என்ன சொன்னால் உங்களுக்குச் சம்மதம், அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம். நிறுவனமே முன்பு விளக்கிய முறையில் முக்கியத்துவத்துக்கு எடை உண்டு: பொருட்டே இல்லை 0, கொஞ்சம் 1, ஓரளவு 10, மிகவும் 50, கட்டாயம் 250.

உங்கள் எடைப்படி அவர் எத்தனை சதவீதம் தேறுகிறார், அவர் எடைப்படி நீங்கள் எத்தனை என்று தனித்தனியே பார்த்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். அவர் 90, நீங்கள் 40 என்றால் சராசரி 65 வரும்; இந்த முறையில் 60தான். ஒருதலைப் பொருத்தத்துக்கு அது தண்டனை.

அடுத்து பிழை விளிம்பு, அதாவது குறைவான கேள்வியை வைத்துக் கணக்கிட்டால் தவறு வரலாம் என்று கழித்துக்கொள்ளும் அளவு. இருவரும் பதில் சொன்ன பொதுக் கேள்விகள் n என்றால் 1/n கழியும். பொதுவில் 2 கேள்விதான் என்றால் எல்லாம் ஒத்துப்போனாலும் 50ஐத் தாண்டாது. 20 இருந்தால் 5 கழியும், 50 இருந்தால் 2. நீங்கள் 50 கேள்விக்குப் பதில் சொல்லி அவர் வேறு 50க்குச் சொல்லியிருந்தால் பிரயோசனமில்லை; பொதுவானவைதான் கணக்கு. 80, 100 கேள்வி வரை போங்கள்.

பலரும் சறுக்கும் இடம்: எல்லாவற்றுக்கும் உச்ச முக்கியத்துவம் போடுவது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்றால் எடைக்கே அர்த்தமில்லை. குழந்தை வேண்டுமா என்பதும் பூனை பிடிக்குமா என்பதும் ஒரே தராசில் ஏறிவிடும். மூன்று நான்கு கேள்விக்கு மட்டும் அதை வையுங்கள்.

நூல்கண்டு:
கணக்கு சரி. ஆனால் அது அளப்பது கருத்தொற்றுமையை; பேச்சு ஒட்டுமா என்பதை அல்ல. ஆளை INFJ போல நான்கு எழுத்தால் குறிக்கும் 16 வகை ஆப்களில் இன்னொரு சிக்கல்: ஒவ்வோர் எழுத்தும் நடுவில் கோடு கிழித்து வருவது. கோட்டுக்கு அருகில் இருப்பவர் அடுத்த மாதம் அதே தேர்வை எழுதினால் வேறு எழுத்து வரும். அதை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள்.

போட்டோ விஷயத்தில் ஓகேக்யூபிட்டின் இணை நிறுவனர் கிறிஸ்டியன் ரட்டர் 2014இல் வெளியிட்ட சோதனைக் கணக்கே பதில். 15 ஜனவரி 2013 அன்று தளத்தில் எல்லாப் போட்டோவையும் சில மணி நேரம் எடுத்துவிட்டார்கள். முதல் செய்திக்குப் பதில் வருவது 44 சதவீதம் கூடியது. தொடர்பு எண்ணும் சீக்கிரம் கைமாறியது. மாலை 4 மணிக்குப் போட்டோ திரும்பியபோது 2,200 பேர் பேச்சின் நடுவில் இருந்தார்கள். அந்தப் பேச்சுகள் கரைந்துபோயின.

அதே கட்டுரையில் இன்னொன்று: முன்பு அந்தத் தளத்தில் தோற்றத்துக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஒரு வரிகூட எழுதாமல் போட்டோ மட்டும் போட்டவருக்கும் குணத்தில் உச்ச மதிப்பெண்! ஆக, மறைப்பது தீர்ப்பை ஒத்திப்போடுகிறது, அவ்வளவே. 15, 20 செய்திக்குள் நீங்களே போட்டோவைக் காட்டிவிடுங்கள். மூன்று வாரம் கற்பனை வளர்த்துவிட்டுக் காட்டினால் விழுகிற அடி பெரிது.

மழைக்காலம்:
மறைக்காமலே எழுத்தைப் படிக்க வைக்க ஒரு வழி உண்டு. ஹிஞ்ச் ஆப்பில் 6 படம், 3 எழுத்துப் பதில், ஒவ்வொன்றும் 150 எழுத்துக்குள். ஒரு குறிப்பிட்ட பதிலைத் தொட்டே லைக் போடலாம், கூடவே ஒரு வரி எழுதலாம். பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

தவறும் அங்கேதான். "பயணம், இசை, நல்ல சாப்பாடு" என்றால் பதில் சொல்ல எதிராளிக்குப் பிடி கிடைக்காது. "ரசத்தில் பருப்புத் தண்ணீர் கூடாது, இதில் சமரசமில்லை" என்று எழுதுங்கள். சண்டை போடவாவது ஒருவர் வருவார். மூன்றில் ஒன்று வேடிக்கை, ஒன்று அன்றாட வழக்கம், ஒன்று என்ன உறவு தேடுகிறீர்கள் என்பது. மூன்றும் வேடிக்கையானால் பொழுதுபோக்க வந்தவர் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 30 நொடி குரல் பதிவும் போடலாம். எழுதி வைத்து வாசிக்காதீர்கள், உடனே தெரிந்துவிடும்.

காவல்கோபுரம்:
போட்டோ மறைந்திருப்பது ஏமாற்றுபவர்களுக்கும் வசதி. படத்தைக் கூகுளில் தேடிப் பார்க்கக்கூட வழியில்லை. அதனால் நேரில் பார்க்கும் முன் ஆப்புக்குள்ளேயே 5 நிமிட வீடியோ கால். வாட்ஸ்அப், டெலிகிராம் என்று முதல் நாளே இழுப்பவர், கேமரா கெட்டுவிட்டது என்று இரண்டாம் முறையும் சொல்பவர், கிரிப்டோ பேச்சு எடுப்பவர் — பிளாக். அந்தரங்கமாக ஏதாவது செய்யச் சொன்னால் காலைத் துண்டியுங்கள். பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டுவது அடுத்த கட்டம். மிரட்டல் வந்தால் பணம் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, இந்தியாவில் இருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

திண்ணைவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒரே சந்தேகம்: பழைய பதில்களை மாற்றினால் சதவீதமும் மாறுமா?

கணக்குப்பிள்ளை:
மாறும். ஒருவரோடு சதவீதத்தைக் கூட்டுவதற்காக மட்டும் மாற்றாதீர்கள். மற்ற எல்லோரோடும் அது சேர்ந்தே மாறிவிடும்.