பீனி விலகினாரா, விலக்கப்பட்டாரா?

அரங்கன்:
இசைப்பித்தன் நேற்று இன்னொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அவர் சொன்னது இதுதான்: 2022-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் மறுபடி மேடையேறிய 'ஃபன்னி கேர்ள்' இசை நாடகத்திலிருந்து நாயகி பீனி ஃபெல்ட்ஸ்டீன் தானாகவே விலகிக்கொண்டார், லியா மிஷெல் வந்து காப்பாற்றினார். தானாகவே! செப்டம்பர் 25 வரை பீனி நடிப்பார் என்று ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. ஜூலை 10 அன்று, 31-ஆம் தேதியோடு போகிறேன் என்று அவர் இன்ஸ்டாகிராமில் எழுதுகிறார். மறுநாளே, 11-ஆம் தேதி, லியாவின் பெயர் வெளிவருகிறது. ஒரே ராத்திரியில் ஒரு பிராட்வே நாயகியிடம் பேசி, சம்பளம் முடித்து, தேதி வாங்கி, ஒப்பந்தமும் போட்டுவிட முடியுமா? பீனி எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தயாரிப்புத் தரப்பு நாடகத்தை வேறு திசையில் கொண்டுபோக முடிவு செய்தது என்று எழுதினார். முடிவு செய்தது யார்? தயாரிப்புத் தரப்பு. இதைப் போய் விலகல் என்கிறார்.

இசைப்பித்தன்:
அரங்கன் சார், வாக்கியத்தை முழுசாகப் படியுங்கள். நீங்கள் விட்டுவிட்ட பின்பாதியில், எதிர்பார்த்ததைவிட முன்பே விலகும் கடினமான முடிவை நான் எடுத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். நான் எடுத்தேன். அவர் கைப்பட எழுதியதை நீங்கள் திருத்துகிறீர்களே, அந்த உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? லண்டன் இழையிலும் இதே வேலைதான் பார்த்தீர்கள்.

அரங்கன்:
லண்டன் இழையை ஏன் இழுக்கிறீர்கள்? சரி, இழுத்துவிட்டீர்கள், பேசுவோம். 2016-ல் லண்டன் சவாய் அரங்கில் இதே நாடகத்தின் நாயகி ஷெரிடன் ஸ்மித் மேடையேற முடியாமல் போன வாரங்களில் நடாஷா பார்ன்ஸ் அந்த வேடத்தைத் தாங்கினார். அங்கேயும் இதே மைக்கேல் மேயர்தான் இயக்கம், ஹார்வி ஃபியர்ஸ்டீன் திருத்திய அதே பிரதிதான். மாற்று நடிகையால் முடியும் என்று அன்றே அவர்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் மாற்று நடிகை ஜூலி பென்கோ அதே கட்டடத்தில் இருந்தார். பீனி போனதும் ஆகஸ்ட் முழுக்க அவர்தான் ஆடினார், லியா வந்தது செப்டம்பர் 6-ல்தான். அப்படியானால் ஜூலை 11 அன்று அவ்வளவு அவசரமாக லியாவை அறிவித்தது எதற்கு? செப்டம்பர் வரை இருப்பதாகச் சொன்னவர் ஜூலையிலேயே கிளம்புகிறார் என்றால் நடுவில் யாரோ எதையோ முடித்திருக்கிறார்கள். முடிவு செய்தது தயாரிப்புத் தரப்பு. வாக்கியத்தின் முதல் பாதி.

நியூஜெர்சி வசந்தா:
நான் இரண்டு பேரையும் பார்த்தவள், அதனால் சொல்கிறேன். மே மாதம் பீனியைப் பார்த்தேன். சிரிக்கவைத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன், மேடையில் ஒரு குழந்தைத்தனம் இருந்தது, அது நாடகத்தின் நாயகி பாத்திரமான ஃபேனி பிரைஸுக்குப் பொருந்தியது. ஆனால் முதல் பாதி முடியும்போது, காதலனைத் தேடிப் போக அவள் முடிவெடுக்கிற இடத்தில் ஒரு பாட்டு வருமே, அந்தப் பாட்டு அரங்கத்தையே தூக்கி நிறுத்தவேண்டும். எனக்கு அங்கே வயிற்றில் ஒன்றும் புரளவில்லை. அக்டோபரில் லியா அதே பாட்டைப் பாடியபோது என் பக்கத்து இருக்கைக்காரர் பாட்டு முடியும் முன்பே எழுந்து நின்றுவிட்டார். யார் விலகினார், யார் விலக்கினார் என்பது இருக்கட்டும், வித்தியாசம் குரலில் இருந்தது.

இசைப்பித்தன்:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். 1964-ல் முதல் நாயகி, பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுக்காக வந்து நின்ற நாடகம் இது. அதன் பிறகு பிராட்வேயில் 58 வருஷம் யாரும் இதைத் தொடத் துணியவில்லை. 2011-ல் லாரன் ஆம்ப்ரோஸை நாயகியாக அறிவித்தார்கள், முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள், நின்றுபோனது. இந்த வேடத்துக்குக் குரல்தான் முதல். அந்தப் பாரம் தாங்காது என்று பீனிக்கே தெரிந்திருக்கும், விலகினார்.

அரங்கன்:
தெரிந்திருக்கும்! அவர் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா? நான் தேதியைச் சொல்கிறேன், நீங்கள் ஊகத்தைச் சொல்கிறீர்கள். ஜூலை 10, ஜூலை 11. இந்த இரண்டு தேதிக்கும் பதில் சொல்லுங்கள். குரல் போதாது என்றால் அதைத் தேர்வு செய்தபோதே கேட்டிருக்கலாமே? அவர் எப்படிப் பாடுவார் என்று தெரியாமலா எடுத்தார்கள்? ஸ்ட்ரைசாண்டின் 80-ஆவது பிறந்த நாளான ஏப்ரல் 24-ஐப் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். 28 வயதுப் பெண்ணை அந்த ஒப்பீட்டின் வாயில் கொண்டுபோய்த் தள்ளியது யார்? விமர்சனம் கடுமையாக வந்தது, டோனி நாடக விருதுப் பரிந்துரையில் நடன நடிகர் ஜாரெட் கிரைம்ஸுக்கு மட்டும் ஒன்று கிடைத்தது, நாடகத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. உடனே பழியெல்லாம் நாயகி தலையில். இயக்குநர் அப்படியே இருந்தார், பிரதி அப்படியே இருந்தது, மாறியது நாயகி மட்டும்.

கிட்டு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நம் பாய்ஸ் கம்பெனிகளில் பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட் போய்விடும், இன்னொரு பையன் வந்துவிடுவான். யாரும் அவனை நீக்கினோம் என்று சொன்னதில்லை, அவனும் விலகினேன் என்று சொன்னதில்லை. பாட்டு நாடகத்தில் பாட்டுதானே சோறு போடுகிறது.

அரங்கன்:
கிட்டு ஐயா, வயதில் மூத்தவர், மரியாதையோடு சொல்கிறேன், அந்தப் பையன்களின் கதையை இங்கே நியாயமாகக் கொண்டுவராதீர்கள். குரல் உடைந்த பிள்ளைகள் ஒத்து பாடிக்கொண்டும் எடுபிடி வேலை செய்துகொண்டும் கிடந்தார்கள். அதையா நல்ல முறை என்கிறீர்கள்?

கிட்டு:
நல்ல முறை என்று நான் எங்கே சொன்னேன்? நடந்ததைச் சொன்னேன். என் அப்பா கம்பெனி நாடகத்தில் ஹார்மோனியம் வாசித்தவர். உங்களுக்கு முன்பே எனக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும்.

பூங்குழலி77:
லியாவைக் காவல் தெய்வம் ஆக்குகிறவர்கள் 2020-ஐ மறந்துவிட்டீர்களா? தொலைக்காட்சித் தொடரில் உடன் நடித்தவர்கள் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள், அவரும் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். இரண்டே வருஷத்தில் கைத்தட்டல். பீனி ஒரு தப்பும் செய்யவில்லை, குரல் கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான், அவருக்கு வெளியேறும் கதவு.

இசைப்பித்தன்:
பூங்குழலி, மன்னிப்புக் கேட்டவர் மறுபடி வேலை செய்யவே கூடாதா? 'க்ளீ' தொடரில் அவருடைய பாத்திரம் பிராட்வேயில் ஃபேனி பிரைஸாக நடிப்பது போலவே கதை வைத்தார்கள். அவர் இந்தப் பாடல்களோடு பல வருஷம் வாழ்ந்தவர். நான் பேசுவது மேடையைப் பற்றி.

பூங்குழலி77:
ஒத்திகை அறையில் கூட நிற்கிற மற்ற நடிகர்களும் மேடைதான். உங்களுக்கு மேல் ஸ்தாயி ஒன்று கேட்டால் போதும், மற்றதெல்லாம் கண்ணில் படாது. போன வருஷம் கச்சேரி இழையிலும் இதைத்தான் சொன்னேன், என்னைத்தான் வாயை மூடச் சொன்னீர்கள்.

இசைப்பித்தன்:
வாயை மூடுங்கள் என்று நான் எழுதவே இல்லை. எடுத்துக் காட்டுங்கள்.

நியூஜெர்சி வசந்தா:
சண்டை வேறெங்கோ போகிறது. ஜூலி பென்கோவைப் பற்றி யாராவது பேசுங்களேன். லியா வந்த பிறகும் வியாழக்கிழமைதோறும் அவர்தான் ஃபேனியாக நடித்தார். லியா வந்த முதல் வாரமே கோவிட் வந்து படுத்தபோதும் அவர்தான். என் தங்கை அந்த வாரம் டிக்கெட் வைத்திருந்தாள், லியா இல்லை என்றதும் அழாத குறை. நாடகம் முடிந்து வெளியே வந்தவள் பென்கோ பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரங்கன்:
வசந்தா அம்மா சரியான இடத்தைத் தொட்டார். பென்கோ பாடினார், குரல் இருந்தது, நகைச்சுவை இருந்தது, ஆகஸ்ட் மாதம் அவர் தோளில்தான் நாடகம் ஓடியது. இசைப்பித்தன் சொல்வதுபோல் குரல்தான் முதல் என்றால் அவரையே நிரந்தர நாயகி ஆக்கியிருக்கலாமே? ஏன் ஆக்கவில்லை? நாடகம் நடந்த ஆகஸ்ட் வில்சன் அரங்கில் 1,200-க்கும் மேல் இருக்கைகள். வாரம் எட்டு காட்சிகள். அதை நிரப்பப் பெயர் வேண்டும். அதுதான் அந்த 'வேறு திசை'. அதற்குப் பீனியை ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை அவர் கௌரவமாக ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்த கௌரவத்தையே எடுத்து, பார், தானே போய்விட்டாள் என்று அவருக்கு எதிராகத் திருப்புகிறீர்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான். பத்து வருஷம் அமெச்சூர் குழுவில் இருந்தவன் நான். மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு எங்கள் நாயகியை மாற்றியபோது, நீயே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்றார்கள். அந்தப் பெண் அப்படியே சொன்னாள். அன்று நான் பேசாமல் இருந்தேன்.

இசைப்பித்தன்:
உங்கள் குழுவில் நடந்ததைப் பிராட்வே மேல் ஏற்றாதீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அது ஆதாரம் ஆகாது. பீனி குழந்தை இல்லை, பக்கத்தில் முகவரும் வக்கீலும் இருப்பார்கள். அவர் போட்டது அறிவிப்பு. நான் முடிவு எடுத்தேன் என்றால் எடுத்தேன். அப்புறம், பலனைப் பாருங்கள்: லியா வந்தார், அரங்கு நிறைந்தது, வசூல் சாதனை, போட்ட முதலும் திரும்ப வந்தது, 2023 செப்டம்பர் 3-ல் 599 காட்சிகளோடு தலைநிமிர்ந்து முடித்தார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் அந்த நடனக்காரர்களுக்கும் இசைக்குழுவுக்கும் எத்தனை மாதச் சம்பளம் போயிருக்கும்?

அரங்கன்:
பலனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஜூலை 10, ஜூலை 11.

கிட்டு:
ஸ்ட்ரைசாண்டுக்குப் பிறகு 1965 கடைசியில் மிமி ஹைன்ஸ் வந்தார், 1967 வரை ஓட்டினார், மொத்தம் 1,348 காட்சிகள். நாயகி மாறுவது இந்த நாடகத்துக்குப் புதிதல்ல என்றுதான் நான் முதலில் சொல்ல வந்தேன்.

அரங்கன்:
ஸ்ட்ரைசாண்ட் வெற்றியின் உச்சியில் இருந்து கிளம்பினார் ஐயா, அது விலகல். பீனி நாலு மாதத்தில் கிளம்பினார். இரண்டும் ஒன்றா? இன்னொன்றையும் கவனியுங்கள். பிராட்வே இசைத்தட்டு வெளிவந்தது லியாவின் குரலில். பீனி அத்தனை வாரம் பாடியதற்கு ஒரு தட்டுகூட இல்லை. இன்றைக்கு ஒருவர் அவர் எப்படிப் பாடினார் என்று கேட்க நினைத்தால் சிறு சிறு துண்டுகள்தான் இருக்கின்றன. தானாக விலகியவருக்கு இப்படியா நடக்கும்?

இசைப்பித்தன்:
தட்டு எப்போது போடுவது என்பது வியாபார முடிவு. டோனிக்கு மாற்று நடிகை தகுதியே இல்லை என்பதும் விதிதான். லியா அவ்வளவு பாடியும் அவருக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. அதற்காக அவரை யாரோ பழிவாங்கினார்கள் என்று நான் இழை தொடங்கினேனா?

பூங்குழலி77:
கச்சேரி இழையைத் தேடிப் பார்த்தேன். நீங்கள் எழுதியது 'இசை தெரியாதவர்கள் ஒதுங்கி இருப்பது நல்லது'. வாயை மூடு என்பதற்கு வேறு அர்த்தம் உண்டா?

இசைப்பித்தன்:
அது பொதுவாகச் சொன்னது.

பூங்குழலி77:
என் பதிவுக்கு நேர் கீழே பொதுவாகச் சொன்னீர்கள்.

அரங்கன்:
பூங்குழலி, இதே பழக்கம்தான். சொன்னதை நாங்கள் சொல்லவில்லை என்பது. இசைப்பித்தன், ஜூலை 11-க்கு இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை மறுபடி கேட்பேன்.

இசைப்பித்தன்:
வாக்கியத்தின் பின்பாதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.