புதுப்பிப்பு: எலும்பு முறிவு அறுவையில் டிரானெக்சாமிக் அமிலம், விடுபட்ட விவரங்கள்

தொடையெலும்பு முறிவு அறுவையில் ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் என்று முன்பு எழுதியிருந்தேன். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பது விடுபட்டுப்போனது. தோலைக் கீறும் முன், சிரை வழியாக, 10 நிமிடம் எடுத்து மெதுவாக. அவசரமாக ஏற்றினால் பிரஷர் இறங்கும். டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கை, காலில் கட்டும் காற்றுப்பட்டை) கட்டும் அறுவையென்றால் அதில் காற்றேற்றும் முன்பே மருந்து போயிருக்க வேண்டும். பிறகு கொடுத்தால் கட்டுக்குக் கீழே போய்ச் சேராது. சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்பதால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் அளப்பது) கூடியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துத் தட்டில்தான். மரத்துப்போக முதுகுத்தண்டில் போடும் பியூபிவக்கேன் மருந்தின் ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) டிரானெக்சாமிக் அமில ஆம்பூலும் சில நேரம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். டிரானெக்சாமிக் அமிலம் மாறி முதுகில் போனால் கடும் வலிப்பு வரும், உயிரே போகலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.