கடற்கரை டிஇஎம் (தரை உயர மாதிரி): நடுப்பகுதி மட்டும் 28 செ.மீ. உயர்ந்து தெரிகிறது. மணலா, பிழையா?

நெய்தல்நிலன் (கேள்வி):
வணக்கம். மரக்காணத்துக்குத் தெற்கே 1.2 கி.மீ. நீளம், சுமார் 60 மீ. அகலம் உள்ள கடற்கரையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மணல் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று கணக்கெடுக்கிறோம். செப்டம்பரில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் ட்ரோன் பறந்தது.

கேமரா: பேண்டம் 4 ப்ரோ. உயரம் 80 மீ., முன்பின் மேற்பொருந்தல் 80%, பக்கவாட்டில் 70%. கரைக்கு இணையாக 3 கோடுகள், எல்லாப் படமும் நேர் கீழ்நோக்கி. ஒவ்வொரு முறையும் 230 படங்களுக்குப் பக்கம். ஜிசிபி (தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி) பலகைகள் 5: தெற்கு முனையில் 3, வடக்கு முனையில் 2. நடுவில் முள்வேலி இருப்பதால் வைக்க முடியவில்லை. புள்ளிகளை ஆர்டிகே ரோவரில் (சென்டிமீட்டர் துல்லிய ஜிபிஎஸ் கருவி) எடுத்தோம்.

மெட்டாஷேப்பில் (படங்களை இணைத்துத் தரை மாதிரி ஆக்கும் மென்பொருள்) ரீப்ரொஜெக்‌ஷன் பிழை (கணித்த புள்ளிக்கும் படத்தில் தெரியும் புள்ளிக்கும் உள்ள விலகல்) 0.6 பிக்சல், ஜிசிபி பிழை 2 செ.மீ.க்குள். ஆனால் ஜனவரி டிஇஎம்மில் இருந்து செப்டம்பர் டிஇஎம்மைக் கழித்தால் இரு முனைகளிலும் பூஜ்யம், நடுவில் +28 செ.மீ., இடையில் வழவழப்பான ஒரு வளைவு. பருவமழைக்குப் பின் இங்கே மணல் குறைந்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்த்தோம். எங்கே தவறு?

திசைமானி:
ஒரு முறை நீள்வட்ட உயரத்திலும் (ஜிபிஎஸ் நேராகத் தரும் உயரம்) மறுமுறை கடல்மட்ட உயரத்திலும் எடுத்துவிட்டீர்களா? அடிக்கடி நடக்கும் தவறு.

முக்கோணன்:
அதுவாக இருக்காது. நம் கடற்கரையில் ஜியாய்டு (கடல்மட்ட உயரத்தின் அடிப்பரப்பு) நீள்வட்டத்துக்குக் கீழே 90 மீ. அளவில் கிடக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் படம் முழுவதும் அந்த அளவுக்கு ஒரேயடியாக நகர்ந்திருக்கும். நடுவில் மட்டும் முதுகு கூனாது. ரோலிங் ஷட்டரையும் (படத்தை வரிவரியாகப் பதிவது) தள்ளிவிடலாம், பேண்டம் 4 ப்ரோவில் இருப்பது மெக்கானிக்கல் ஷட்டர்.

நெய்தல்நிலன், இரண்டு விவரம் வேண்டும். கேமரா கேலிப்ரேஷனில் இரண்டு முறையும் f (குவியத் தூரம்) எவ்வளவு வந்தது? படங்களில் தார்ச்சாலை ஏதாவது விழுந்திருக்கிறதா?

நெய்தல்நிலன்:
f செப்டம்பரில் 3659, ஜனவரியில் 3688 பிக்சல். k1 (லென்ஸ் திரிபு) மதிப்பும் மாறியிருக்கிறது. மேற்கு ஓரத்தில் தார்ச்சாலை முழு நீளத்துக்கும் தெரிகிறது.

முக்கோணன்:
அந்தச் சாலைதான் உங்கள் சாட்சி. சாலையின் நடுக்கோட்டில் 10 மீ.க்கு ஒரு புள்ளி போட்டு, க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் இரண்டு டிஇஎம்மின் மதிப்புகளையும் எடுத்துக் கழியுங்கள். நான்கு மாதத்தில் தார்ச்சாலை 28 செ.மீ. எழும்பாது. அங்கேயும் அதே வளைவு வந்தால் கணக்கில்தான் கோளாறு.

f வேறுபாடு 29 பிக்சல், அதாவது 0.8%. 80 மீ. உயரத்தில் அது 63 செ.மீ.க்குச் சமம். முனைகளை ஜிசிபி இழுத்துப் பிடிக்கிறது, பிடி இல்லாத நடுப்பகுதி வளைகிறது.

நெய்தல்நிலன்:
போட்டுப் பார்த்தேன். சாலையின் நடுவிலும் +26 செ.மீ. அப்படியானால் இது மணல் இல்லை. ஆனால் பிக்சல் பிழை 0.6 என்று நன்றாகத்தானே காட்டியது?

முக்கோணன்:
அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். எல்லாப் படமும் நேர் கீழே, ஒரே உயரத்தில், ஏறக்குறைய தட்டையான தரையைப் பார்க்கின்றன. லென்ஸின் ஆரத்திரிபைக் (மையத்திலிருந்து விலக விலக வரும் திரிபு) கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டாலும், தரையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டால் அந்தத் தப்பு மறைந்துவிடும். பண்டில் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு (கேமராவையும் தரைப் புள்ளிகளையும் ஒருசேரத் தீர்க்கும் கணக்கு) இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டை பாயிண்ட்கள் (பல படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகள்) எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் பிக்சல் பிழையும் சின்னதாகவே இருக்கும். அந்த எண் படங்களுக்குள் உள்ள ஒற்றுமையைச் சொல்கிறதே தவிர, தரையோடு உள்ள ஒற்றுமையை அல்ல.

2014இல் ஜேம்ஸ், ராப்சன் இருவரும் இதைத்தான் விளக்கினார்கள்: இணைக்கோணப் (ஒரே திசை நோக்கிய) படங்களில் செல்ஃப் கேலிப்ரேஷன் (கேமரா அளவுகளைப் படங்களிலிருந்தே கணக்கிடுவது) செய்தால் குவிமாடப் பிழை வரும். சாய்கோணப் படங்களைச் சேர்த்தால், கட்டுப்பாட்டுப் புள்ளியே இல்லாத நிலையிலும் அந்தப் பிழையை நூறில் ஒரு பங்கு வரை குறைக்க முடியும் என்றும் காட்டினார்கள்.

மணல்மேடு:
மறுபடி பறக்காமலே பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். செப்டம்பர் கடற்கரை திரும்பி வரப்போவதில்லை, ஆகவே இந்த வழி முக்கியம்.

முதலில் சாலைக்குப் போங்கள். இரண்டு முறைப் படங்களிலும் தெளிவாகத் தெரியும் நிலையான மூலைகளைத் தேடுங்கள்: கல்வெர்ட் சுவரின் மூலை, வெள்ளைக் கோட்டின் முனை, மேன்ஹோல் மூடி. நடுப்பகுதியில் 10 எடுத்து, ரோவரால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை, இடைவெளி விட்டு அளக்கவும். 6ஐ ஜிசிபியாகக் கொடுங்கள். மீதி 4 சோதனைப் புள்ளிகள் (கணக்கில் சேராமல் ஒப்பிட மட்டும்), அவற்றின் டிக்கை எடுத்துவிட வேண்டும். சோதனைப் புள்ளி ஒன்றுகூட வைக்காததுதான் இந்தப் பிழை உங்களிடம் தப்பிப் போனதற்குக் காரணம்.

அடுத்து, இரண்டு மாதப் படங்களையும் ஒரே சங்க்கில் (மெட்டாஷேப்பின் படத்தொகுதி) போட்டு ஒன்றாக அலைன் செய்யுங்கள் (பொருத்துங்கள்). மணல் மாறியிருந்தாலும் சாலை, சுவர், கட்டிடக் கூரை இவை இரண்டு காலத்தையும் கோர்க்கும். மிச்சப் பிழை இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே வடிவில் வரும், கழிக்கும்போது அதில் பெரும்பகுதி ஒழிந்துவிடும். பலகைகள் இடம் மாறியிருக்குமே, செப்டம்பர், ஜனவரி மார்க்கர்களுக்குத் தனித்தனிப் பெயர் கொடுங்கள். ட்ரோன் ஜிபிஎஸ் துல்லியம் 10 மீ., மார்க்கர் துல்லியம் நீங்கள் அளந்த அளவுக்கு, உதாரணமாக 0.02 மீ. என்று கொடுங்கள். ஆப்டிமைஸில் (கேமரா அளவுகளைத் திருத்தும் படி) f, cx, cy, k1, k2, k3, p1, p2 போதும். k4, b1, b2 சேர்த்தால் இந்த மாதிரித் துண்டில் நன்மையைவிடத் தொல்லை அதிகம். பிறகு சங்க்கை இரண்டாக நகலெடுத்து, ஒன்றில் செப்டம்பர் படங்களையும் மற்றதில் ஜனவரி படங்களையும் நீக்கி, டென்ஸ் கிளவுட் (அடர்ந்த புள்ளித்திரள்) தனித்தனியாகக் கட்டவும். பிரித்த பின் மறுபடி ஆப்டிமைஸ் அழுத்தவே கூடாது, செய்த வேலை வீண்.

ஒரு எச்சரிக்கை: அலை, நுரை, ஈரமணல் எல்லாவற்றையும் முன்னதாகவே மாஸ்க் செய்யுங்கள் (மறைத்துவிடுங்கள்). நகரும் நுரையில் விழும் டை பாயிண்ட் மொத்த வலையையும் இழுத்துவிடும்.

கோணமானி:
அடுத்த பறப்புக்கு: இதே 3 கோடுகளோடு, கிம்பலை (கேமரா தாங்கியை) நேர் கீழிலிருந்து 20–30 டிகிரி முன்னோக்கிச் சாய்த்து இன்னும் 2 கோடுகள், ஒன்று வடக்கு நோக்கி, ஒன்று தெற்கு நோக்கி. முடிந்தால் அவை 100 மீ. உயரத்தில். 200 மீ.க்கு ஒரு குறுக்குக் கோடும் போடுங்கள்.

80 மீ.யில் உங்கள் பிக்சல் 2.2 செ.மீ., ஆகவே பலகை 50 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும். 150 மீ.க்கு ஒன்று, கரைப்பக்கமும் சாலைப்பக்கமுமாக மாற்றி மாற்றி. ரோவர் கம்பின் கூர்முனை மணலில் இறங்கிவிடும். தட்டையான அடிக்கட்டை போட்டுப் பலகையின் மேல் வைத்து அளக்கவும். ஷட்டர் 1/1000, வேகம் 5 மீ./நொடி என்றால் மங்கல் அரை சென்டிமீட்டர்தான்.

நெய்தல்நிலன்:
மணல்மேடு சொன்னபடியே செய்தேன். சோதனைப் புள்ளிகளில் செங்குத்துப் பிழை இரண்டு காலத்துக்கும் 4 செ.மீ. சாலையில் வளைவு போய்விட்டது. ஆனால் மணல் வித்தியாசத்தில் பல இடங்கள் 5, 6 செ.மீ.தான். இவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா?

முக்கோணன்:
வேண்டாம். இரண்டு காலப் பிழையையும் (இருபடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து) சேர்த்தால் 4 × 1.414 = 5.7 செ.மீ. 95% நம்பிக்கைக்கு 1.96ஆல் பெருக்கினால் 11 செ.மீ. தனி ஒரு பிக்சலில் அதற்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல இயலாது.

மொத்தக் கனஅளவுக்கு வேறொரு சோதனை: சாலை வித்தியாசத்தின் சராசரியைப் பாருங்கள். அங்கே 5 செ.மீ. சராசரிப் பிழை மிஞ்சியிருந்தாலும் 72,000 ச.மீ. பரப்பில் 3,600 கன மீட்டர் பொய் மணல் சேர்ந்துவிடும்.

நெய்தல்நிலன்:
சாலைச் சராசரி +0.7 செ.மீ. அப்படியானால் 500 கன மீட்டர் அளவுக்கு ஐயம்.

முக்கோணன்:
அதைக் கனஅளவுக்குப் பக்கத்திலேயே ± போட்டு அச்சிடுங்கள். ஈரக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியை இரண்டு டிஇஎம்மிலும் ஒரே பலகோணத்தால் வெட்டிவிட்டுக் கூட்டவும். ஓதம் வேறாக இருந்த நாட்களில் தண்ணீர்ப் பரப்பையும் மணலென்று கணக்கு எடுத்துக்கொள்ளும்.