பாம்பன் பாலம் வரைகையில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன: இங்க்ஸ்கேப் தெரிந்தவர்கள் உதவவும்

தங்கச்சிமடம் பெயிண்டர்:
வணக்கம். படகின் அணியத்தில் பெயர் எழுதுவது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போதுதான் எனக்கு முழு வேலை. மற்ற மாதங்களில் கடைப் பலகை. இப்போது அதற்கும் பிரஷ் வேண்டாம், ஃபிளெக்ஸ் போதும் என்கிறார்கள். எனவே மகளின் மடிக்கணினியில் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளைப் பழகுகிறேன்.

பாம்பனில் ஒரு டீக்கடைக்கு எட்டடி நீள பேனர். கடைப் பெயருக்கு மேல் புது ரயில் பாலம் வர வேண்டுமாம். 2025 ஏப்ரலில் அதைத் திறந்தது முதல் இங்கே யார் பலகை கேட்டாலும் அந்தப் பாலம்தான். சுவர் என்றால் நூலில் நீலம் தடவி ஒரு சுண்டு சுண்டுவேன், நேர்கோடு விழுந்துவிடும். இதிலோ, பாலத்துக்காக வரைந்த கட்டங்களை வரிசையாக நிறுத்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அலைன் பொத்தானை அழுத்தினால், அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தாலோ, இரண்டு கட்டம் சேருமிடத்தில் மட்டும் கோடு தடிப்பாகத் தெரிகிறது. கையால் வரைவதே மேல் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அது எனக்கே தெரியும்.

மண்டபம் டீச்சர்:
அண்ணா, நீங்கள் அழுத்தியது நிலைக்குத்து அச்சில் மையப்படுத்தும் பொத்தான். ஒரே செங்குத்துக் கோட்டுக்கு எல்லாவற்றையும் இழுத்து வந்தால் குவியத்தானே செய்யும்? உங்களுக்கு வேண்டியது கிடைமட்ட அச்சுப் பொத்தான். கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பலகம் திறக்கும். அதில் 'ரிலேட்டிவ் டு' என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள். 'பேஜ்' என்று இருந்தால் தாளின் நடுவுக்கும், 'லாஸ்ட் செலக்டட்' என்று இருந்தால் கடைசியாகத் தொட்ட கட்டத்துக்கும் மற்றவை வந்து சேரும். என் மாணவர்கள் இந்தப் பட்டியலைக் கவனிக்காமல் மென்பொருளைத் திட்டுவார்கள்.

கீழக்கரை பாய்:
டீச்சர் சொன்னது சரி. தடித்த கோட்டுக்குக் காரணம் வேறு. இங்க்ஸ்கேப் ஒரு கட்டத்தின் அளவை இரண்டு விதமாக எடுக்கும். விஷுவல் என்றால் சுற்றியுள்ள கோட்டின் தடிமனும் சேர்த்தி. ஜியோமெட்ரிக் என்றால் வடிவம் மட்டும். முதல் வகையில் இரண்டு கட்டங்களை ஒட்டினால், இதன் கோடு முடிந்த இடத்தில் அதன் கோடு தொடங்கும். அதுதான் இரட்டைத் தடிமன். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் டூல்ஸ் போய் ஜியோமெட்ரிக்குக்கு மாற்றுங்கள். பிறகு விளிம்போடு விளிம்பு பொருந்தி, இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு கண், அதாவது தூணுக்குத் தூண் நடுவிலுள்ள பாலத் துண்டு, அதன் கீழ் ஒரு தூண். இரண்டையும் கண்ட்ரோல் ஜி அழுத்தி ஒரு குழுவாக்குங்கள். எடிட் மெனுவில் குளோன், அதற்குள் கிரியேட் டைல்டு குளோன்ஸ். வரிசை 1, பத்தி எத்தனை வேண்டுமோ அத்தனை. முதல் நகல் அசலின் மேலேயே விழும், எனவே அசலை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். நாளைக்குக் கடைக்காரர் தூணின் நிறத்தை மாற்றச் சொன்னால் அசலில் மட்டும் மாற்றினால் போதும், எல்லா நகலும் தானாக மாறும். பிரஷ்காரருக்குக் கிடைக்காத சொகுசு இது!

தங்கச்சிமடம் பெயிண்டர்:
பாய், கோடு ஒல்லியாகிவிட்டது. நன்றி. பாலத்தில் 18.3 மீட்டரில் 99 கண், நடுவில் கப்பலுக்குத் தூக்கும் கண் 72.5 மீட்டர் என்கிறார்கள். அத்தனையும் போடவா?

கீழக்கரை பாய்:
வேண்டவே வேண்டாம். 99 கண்ணும் எட்டடிக்குள் நின்றால் தெருவில் போகிறவருக்குச் சீப்புப் பல்லாகத் தெரியும். விகிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண் ஒன்றுக்கு 60 மி.மீ. வைத்தால் தூக்குக் கண்ணுக்கு ஏறத்தாழ 238 மி.மீ. வரும். பக்கத்துக்குப் பன்னிரண்டு கண் போட்டாலும் இடம் மிஞ்சும். தூக்கிய நிலையில் காட்டுவதானால், அது 17 மீட்டர் உயரும், உங்கள் படத்தில் 56 மி.மீ. ஆப்ஜெக்ட் மெனுவின் டிரான்ஸ்ஃபார்மில் ரிலேட்டிவ் மூவைத் தேர்ந்து நிலைக்குத்துப் பெட்டியில் கழித்தல் 56 என்று கொடுங்கள். 1.0 பதிப்பிலிருந்து அளவு மேலிருந்து கீழாக எண்ணப்படுகிறது, அதனால்தான் கழித்தல்.

மண்டபம் டீச்சர்:
அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைப் பாத், அதாவது வெறும் வடிவக் கோடு, ஆக்குங்கள் அண்ணா: கண்ட்ரோல், ஷிப்ட், சி. அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் 'கடை' என்பதன் சங்கிலிக்கொம்பு டகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடக்கூடும். திருத்தக்கூடிய பிரதி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். பாத் ஆனபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.

தங்கச்சிமடம் பெயிண்டர்:
கடைக்காரர் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். பாலம் தூக்கியிருக்க வேண்டுமாம், கீழே கப்பல் போக வேண்டுமாம், மேலே ரயிலும் ஓட வேண்டுமாம்.

கீழக்கரை பாய்:
அப்படி ஒரு படத்தைப் பாம்பனிலேயே மாட்டினால் ஊரே சிரிக்கும். ரயில்தான் வேண்டுமென்றால் பாலத்தை இறக்கி, கீழே ஒரு நாட்டுப்படகை விடுங்கள். பெட்டிகளுக்கும் அதே டைல் குளோன்தான். எஞ்சினை மட்டும் தனியாக வரையுங்கள்.