வயிற்றுவலி என்று எழுதிக்கோங்க

பெரம்பூர்வாசி:
மாத நாவல் எழுதிய காலத்தில் ‘தீராத வயிற்றுவலியால் தற்கொலை’ என்பது எனக்கு ரொம்ப வசதியான வரி. துப்பறிபவர் அதைப் படித்துச் சிரிப்பார், பத்தாவது அத்தியாயத்தில் கொலையாளியைப் பிடிப்பார். மூன்று கதைகளில் இதே கூத்து. எதிர்வீட்டுப் பையன் போனபோது போலீஸ் மரண விசாரணையில் சாட்சியாக, அதாவது பஞ்சாயத்தாராக, கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. காரணம் கேட்டார். அவன் அப்பா, என் வாசகர், என்னைப் பார்த்தபடியே சொன்னார்: “வயித்துவலின்னு எழுதிக்கோங்க சார்.” பையன் இரண்டு வருடமாக வெளியே தலைகாட்டாதது தெருவுக்கே தெரியும். குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வுபெற்ற நிருபர்:
அந்த அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். 309, அதாவது தற்கொலை முயற்சி வழக்கு, அந்தப் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. நானும் இப்படி நிறைய செய்தி எழுதியவன், அதை விடுங்கள். கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள். கடன், காதல், மார்க் என்று ஒரே காரணத்தில் முடிக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் 104, 14416 இரண்டு உதவி எண்களையும் போடச் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பு 1986 முதல் இந்தச் சென்னையிலேயே இருக்கிறது, போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். அப்புறம் ‘கோழை’ என்ற சொல்லை...

கீழ்ப்பாக்கம் பஸ்:
நிருபர் சார், 309 பிழைத்தவர் மேல் போட்டது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. இறந்தவருக்கு 174, அதாவது மரணக் காரண விசாரணைதான், 2024 ஜூலையிலிருந்து அது 194. பிழைத்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அந்த அப்பாவுக்குப் பயம் போலீஸ் இல்லை, வீட்டில் இன்னும் கல்யாணமாகாத பெண் இருந்திருக்கும்.

என் கதை சின்னது. ‘இவன் கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று என் இன்ஸ்பெக்டர் பாத்திரம் அடிக்கடி சொல்லும், வாசகர்களும் ரசித்தார்கள். தம்பியை அங்கே கூட்டிப்போன அன்று ஆட்டோக்காரர் “எங்க சார் இறங்கணும்?” என்றார். 1794-இலிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, அவருக்குத் தெரியாதா? “இங்கேயே நிறுத்துங்க” என்று முன்னாலேயே இறங்கி, வெயிலில் தம்பியை நடத்திக்கொண்டு போனேன். “ஏண்ணா நடக்கிறோம்?” என்று கேட்டான்.

பெரம்பூர்வாசி:
நிருபர் சார், நான் யோசனை கேட்கவில்லை. பஸ் சார், அந்த வீட்டில் பெண் யாரும் இல்லை. அவன் ஒரே பிள்ளை. அந்த மூன்றில் ஒரு நாவலை மறுபதிப்புப் போடப் போகிறார்கள். வயிற்றுவலிப் பக்கத்தை மாற்றித் தருகிறேன் என்றேன். அச்சுக்குப் போய்விட்டதாம்.