கார்பன் மோனாக்சைடு டிரான்ஸ்மிட்டர்: சுத்தமான காற்றிலும் 18 பிபிஎம் காட்டுகிறது

வணக்கம். பாய்லர் அறையில் கார்பன் மோனாக்சைடை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று மூன்று வாரமாகச் சுத்தமான காற்றிலேயே 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு) காட்டுகிறது. கையடக்க மீட்டரை அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால் பூஜ்யம்தான்.

விவரம்: 0–300 பிபிஎம், 24 வோல்ட், 4–20 மில்லிஆம்பியர் லூப் (அளவை அனுப்பும் மின்னோட்டச் சுற்று; 4 என்றால் பூஜ்யம், 20 என்றால் 300 பிபிஎம்), மூன்று மின்முனை கொண்ட மின்வேதி சென்சார். நான்கு வருடம் ஓடிய பழைய சென்சாரை மாற்றிய மறுநாளே தொடங்கியது. லூப்பில் 4.96 மில்லிஆம்பியர் வருகிறது, அதாவது டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை. பூஜ்யத்தைச் சரிசெய்தால் இரண்டு நாளில் திரும்ப ஏறிவிடுகிறது.

தூசி வடிகட்டியை மாற்றினேன். கேபிளின் ஷீல்டு ஒரு முனையில் மட்டுமே எர்த் ஆகியிருக்கிறது. சென்சாரைக் கழற்றினால் சரியாக 4.00. அதே புதிய சென்சாரைப் பக்கத்து டிரான்ஸ்மிட்டரில் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன், பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. பேட்டரி சார்ஜாகும்போது வரும் ஹைட்ரஜனுக்கும் இந்த சென்சார் அசையும் என்பதால் அதையும் யோசித்தேன், ஆனால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.

ஆக, சந்தேகம் போர்டு மேல். வேலை மின்முனைக்கும் ஒப்பீட்டு மின்முனைக்கும் இடையே 0 இருக்க வேண்டிய இடத்தில் 12 மில்லிவோல்ட் இருக்கிறது. அந்த அறையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பொய் அலாரத்துக்குப் பழகிவிட்டால் நிஜ அலாரத்துக்கு யாரும் வெளியே ஓடமாட்டார்கள், அதுதான் என் பயம்.

இந்த 12 மில்லிவோல்ட்டுக்குக் காரணம் பொட்டென்ஷியோஸ்டாட்டின் (மின்முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சுற்று) ஆப்-ஆம்ப் எனும் ஆம்ப்ளிஃபையர் சிப்பா, அல்லது மின்சாரம் நிற்கும்போது அந்த இரு முனைகளையும் இணைக்கும் ஜேஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கசிகிறதா, எப்படிப் பிரித்தறிவது?